வருடத்துக்கு ஒரு மெஷின்

மாதாமாதம் சந்தா கட்டினால் வருடத்துக்கு ஒருமுறை புது கேம் மெஷின் வீடு தேடி வரும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கொடுப்பது மெக்கானிக்கின் வேலை.

மெக்கானிக் அழைப்பு மணியை அழுத்தும் முன்பே கதவு திறந்தது. ரிட்டையர்டு டீச்சர் நின்றிருந்தார்.

"வா தம்பி. நல்லவேளை, போன வருஷம் மாதிரியே உன்னையே அனுப்பிட்டாங்க. உட்காரு, காபி போட்டு வெச்சிருக்கேன்."

"பழசு நல்லாத்தானே டீச்சர் ஓடுது?"

"ஓடுதுப்பா. புது மாடல் வந்துடுச்சாமே, விட முடியுமா?"

இந்த வயதில் இப்படியொரு விளையாட்டுப் பித்தா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

புதியதற்கு மாற்ற வேண்டிய ஆட்டங்கள் கொட்டிக் கிடக்கும் என்று பழைய மெஷினின் ஆட்டப் பட்டியலைத் திரையில் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே ஒரே ஒரு கார் பந்தயம். ஆடியவர்கள் இரண்டு பேர், இருபது நிமிடம். தேதி, போன வருடம் அவன் இந்த மெஷினை மாட்டிய அதே நாள். எப்படி ஆடுவது என்று அன்றைக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

திரும்பிப் பார்த்தான். டீச்சர் ஒரு கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அவனிடம் நீட்டினார்.

"ஏன் தம்பி, மாசாமாசம் மெஷின் மாத்துற பிளான் எதுவும் இல்லையா?"