கிணற்றடிப் பப்பாளி

நீலாம்பாள் கொல்லைக் கதவைத் திறந்தபோது, புருஷன் பஞ்சாட்சரம் கிணற்றடியில் பப்பாளி விதை ஊன்றிக்கொண்டிருந்தான். அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. இது மூன்றாவது. முன்னே இரண்டும் நாலாம் மாசத்தைத் தாண்டவில்லை.

"இன்னாங்க இது?"

"பப்பாளி."

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் அந்தப் பழத்தின் பேரைக்கூட எடுக்க மாட்டார்கள். இந்த மனுஷன் விதையே போடுகிறான். நல்ல ஆள் போங்கள்.

திருப்பருத்திக்குன்றம் ரோட்டில் இந்த நெசவாளர் காலனிக்குக் குடிவந்த அன்றே நீலா கொல்லையைப் பங்கு போட்டு வைத்திருந்தாள். கிணற்றோரம் கனகாம்பரம், வேலியோரம் மல்லி. பூ கட்டிக் கோயில் வாசலில் கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும்.

இந்த வாரம் பஞ்சாட்சரம் ஒரே பேச்சில் அதை அடித்துவிட்டான். முருங்கை, அகத்தி, பரங்கி, பொன்னாங்கண்ணி என்று அறுந்த நூலைக் கட்டி அளந்து பாத்தி பிரித்தான். ஒரு பூச்செடிக்கு இடம் விடவில்லை.

"கல்யாண சீசன்ல ஊரே விளக்கு வச்சுத் தறியில குந்திக்கினு இருக்குது. நீங்க பொழுது சாயறதுக்குள்ள எழுந்து வந்து மண்ணைக் கிளறிக்கினு இருக்கீங்க. இதுக்கு நான் இன்னா நினைக்கறது?"

அவன் விதை மேல் மண்ணைத் தள்ளினான்.

அவளுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்திருக்கிறாள். "வீட்ல தெரிய வேணாம் டாக்டர்" என்று அவன் கெஞ்சினது அவள் காதில் விழுந்ததாம். அன்றிலிருந்து நீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே போய் அரிக்கேனை ஏற்றினாள். அரிசிப் பானைக்குப் பின்னால் பாதிப் பப்பாளி தட்டால் மூடியிருந்தது. அதையும் விளக்கையும் எடுத்துவந்து கொல்லைப் படியில் வைத்தாள். இருட்டிவிட்டது.

"ஒளிச்சு வச்சிருந்த பாதிப் பழம் இதோ இருக்குது. எதுல கலந்து எனக்குக் குடுக்கலாம்னு இருந்தீங்க?"

"கலக்கறதா? நீ இன்னா சொல்றே?"

"நடிக்காதீங்க. இந்தப் புள்ள உங்களுக்கு வேணுமா, வேணாமா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

பஞ்சாட்சரம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"வேணும் நீலா. அந்தப் பழம் உனக்கு இல்ல, எனக்கு. கீரையும் எனக்குத்தான். டாக்டர் தினம் திங்கச் சொன்னாரு."

"உங்களுக்கா? உங்களுக்கு இன்னா?"

"முதலாளி காதுல விழுந்தா இனிமே தறிக்குப் பாவு நூல் தர மாட்டாரு. நீயும் இந்த நேரத்துல பயந்துடுவே. அதான் வாயைத் திறக்கல."

"இன்னான்னு சொல்லுங்களேன்."

அவன் தட்டுத் தடுமாறிப் படியருகே வந்து, அவள் குரல் வந்த பக்கம் கையை நீட்டினான். கை விளக்கைத் தாண்டி, அவளையும் தாண்டி, கதவில் போய் முட்டியது.

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லுன்றியே… விளக்கு வச்சப்புறம் உன் மூஞ்சியே எனக்குத் தெரியறதில்ல, நீலா."