தும்பி செதுக்கிய ஜாடி

"இது போலி."

பல் டாக்டரம்மா அடித்துச் சொன்னதும், பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கண்ணாடி ஜாடி. மஞ்சள் கண்ணாடிமேல் ஊதாக் கண்ணாடியைப் போர்த்தி, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரித்து, ஒரு தும்பியை எழும்பி நிற்க வைத்திருந்தார்கள். இதன் ஜோடி டாக்டரம்மாவின் அலமாரியில் இருக்கிறது. இந்த ஒன்றுக்காக அவள் தேடாத ஏலக்கடை இல்லை.

"நல்லாப் பாருங்க டாக்டர்!" பதறினான் அவர்களை வரவழைத்தவன். "அண்ணன் ஆசையா அண்ணிக்கு வாங்கிக் குடுத்தது. அண்ணனே போயாச்சு, அண்ணிக்கு எதுக்கு இது? வித்து, அந்தப் பணத்தை என் கடையில போடலாம்னு இருக்கேன்."

தையல் மெஷினைப் பிடித்தபடி நின்ற அண்ணி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலிதான்," என்றாள் டாக்டரம்மா.

"வேற யார்கிட்டயாவது காட்டட்டுமா?"

"தாராளமா காட்டுங்க. நான் போலின்னு சொன்னதை எவனும் தொடமாட்டான்."

அது உண்மை. பல் வைத்தியம் தொழில் என்றாலும், பழைய கண்ணாடி சேர்ப்பவர்கள் வட்டாரத்தில் அவள் வாக்குக்கு அப்படியொரு மரியாதை.

கணவருக்குப் புரிந்துவிட்டது. அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறாள்! இப்படிச் செய்கிற வியாபாரிகளைத் திருட்டுப் பசங்க என்று திட்டியவள்தானே இவள்? அவருக்கு அவமானமாக இருந்தது.

"சரி, ஏதோ நீங்களா பார்த்துக் குடுங்க..." இறங்கி வந்தான் கொழுந்தன்.

"சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

அவன் முகம் சுண்டிவிட்டது. "சே! நீங்களே வெச்சுக் கட்டிக்கிட்டு அழுங்க அண்ணி!" என்று ஜாடியை அவள் பக்கம் தள்ளினான். அண்ணி அதை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டாள்.

மூட்டுவலிக்காரி டாக்டரம்மா, கோப்பை ஜெயித்தவள் மாதிரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். கணவருக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அது அசல்னு எனக்கே தெரியுது!"

"அசல்தாங்க. நம்ம ஜாடியோட ஜோடியேதான்."

"அப்ப ஏன்டி விட்டே? நாளைக்கு விஷயம் தெரிஞ்சா ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்!"

"சிரிச்சுட்டுப் போகட்டும்." அவள் கண் கலங்கியிருந்தது, முகமோ பூரித்துக் கிடந்தது. "ஜாடிக்குள்ள ஈரம் இன்னும் காயலைங்க. அடியில ஒரு இதழ் ஒட்டியிருந்துச்சு. காலைல வரைக்கும் அந்தம்மா அதுல பூ வெச்சிருக்காங்க. நம்ம ஜாடியில நான் ஒரு நாளாவது பூ வெச்சிருக்கேனா?"