முதல் தரப் பால்

மாரியூர் டீக்கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி, பால் விற்பவர்களுக்கு லைசென்ஸ் வழங்கிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். ராக்கு அப்போதுதான் கறந்து கொண்டுவந்த பாலில் பால்மானியை விட்டார். அது ஆழமாக இறங்கியது.

“பாதி தண்ணி. உனக்கு லைசென்ஸ் கிடையாது.”

“கறந்த சூட்டோட பாத்தா எறங்கத்தான் செய்யும் சார். கொஞ்சம் ஆறட்டும்.”

“பதினெட்டு வருஷ சர்வீஸ். எனக்கே பாடம் நடத்துறியா? கருவி பொய் சொல்லாது.”

அடுத்தது வேல்சாமியின் பால். பால்மானி உயர்ந்து நின்றது. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது.

“இது பால். முதல் தரம்” என்று கையெழுத்துப் போட்டு லைசென்ஸை நீட்டியவர், ராக்குவிடம் திரும்பினார். “பாத்துக் கத்துக்க.”

ராக்கு கடைக்காரரைப் பார்த்தாள். “அந்த முதல் தரத்துலயே சாருக்கு ஒரு டீ போடுங்கண்ணே.”

“சாருக்கு நேரமாச்சு” என்று அவசரமாகக் குறுக்கிட்டார் வேல்சாமி. அதற்குள் டீ வந்துவிட்டது.

ஒரு வாய் குடித்த இன்ஸ்பெக்டர் கடைக்காரரை முறைத்தார்.

“சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டியாய்யா?”

“அவரு சீனிதான் போட்டாரு” என்றாள் ராக்கு. “வேல்சாமி வீட்டுல கெணறு கெடையாது சார். கொல்லையில கடல்தான் இருக்கு.”