மிச்ச தூரம்

பாய்மரப் படகு ஒன்று, மணலில் அடி தட்டாமல் இருக்கக் கரைக்குத் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். அதன் குட்டித் துடுப்புப் படகுதான் கரைக்குப் போய்த் தண்ணீரும் தக்காளியும் சுமந்து வரும்.

“மணலைத் தொடவே பயமாக்கும், அக்கா?” என்று குட்டி தினமும் சீண்டும்.

பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டபோது, குட்டியைத் தூக்கி அக்காவின் முதுகில் கட்டினார்கள். நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. அக்கா முனகி முனகி ஒவ்வோர் அலையாக ஏறுவதைக் குட்டி தன் உடம்பிலேயே உணர்ந்தது.

“பயமா இல்லையா, அக்கா?”

“பயந்தான். சாமியைக் கும்பிட்டுக்கிட்டே ஏறுறேன். நீ கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

ஒருவழியாக அக்கரை வந்தது. குட்டியைத் தண்ணீரில் இறக்கினார்கள். கரையில் இருந்த நண்டு சிரித்தது.

“உங்க அக்கா அங்கேயே நின்னுட்டாங்களே, மணல்னா பயமா?”

“அவங்க வந்த தூரம் போதும்” என்றது குட்டி. “மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”