முன் சக்கரத்தின் ஆட்டம்

பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜாக்கியில் தூக்கியிருந்த முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார் மெக்கானிக் நூர் முகமது.

டொக். டொக்.

பொன்னுவேல் காலை எடுக்காமல் சீட்டில் சாய்ந்தான். நேற்று சேலத்துக்கு இரண்டு நடை போய் வந்த அலுப்பு இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை. அடிவாரம் தாண்டி நேர் ரோட்டில் நாற்பதைத் தொட்டால் போதும், அம்பாசடரின் ஸ்டீயரிங் கைக்குள் கிடந்து உதறும்.

உதறலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உனக்குமா கை நடுங்குது என்று பின்சீட்டிலிருந்து எஸ்டேட் முதலாளி கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த 'உனக்குமா'வுக்குக் காரணம் மாமனார் வெங்கடாசலம்.

இருபது வருஷம் இதே எஸ்டேட்டில் கார் ஓட்டியவர். போன தை மாதம், கை நடுங்குகிறது, இனி மலையில் ஓட்ட முடியாது என்று அவராகவே முதலாளியிடம் போய் நின்றார். கையோடு அந்த வேலையை மருமகனுக்குக் கேட்டு வாங்கினார். தான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு மலைமேல் கிளியூரில் மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, யார் முகத்திலும் விழிக்காமல் கிடந்த பொன்னுவேலுக்கு அந்தச் சாவிதான் மானம்.

வேலையை விட்டவர் வாயை விடவில்லை. நாற்பதைத் தாண்டாதே, மாசாமாசம் நூர் பாயிடம் போய் கிரீஸ் அடி என்று தினமும் ஒரே அரிப்பு. கை நடுங்குகிற மனுஷன் எனக்கு வண்டி சொல்லித் தருகிறாரா என்று பொன்னுவேல் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

"பேரிங்கா இருந்தா பிரேக்கைப் புடிச்சதும் ஆட்டம் நின்னிருக்கோணுங்க. நிக்கலை. சக்கரத்தைத் தாங்கித் திருப்புற கிங் பின் தேஞ்சு போச்சு. மாத்திட்டா கல்லு மாதிரி நிக்கும்."

பொன்னுவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு கையில் இல்லை, வண்டியில்தான்.

மறு நிமிஷமே வேறு கணக்கு ஓடியது. அப்படியானால் மாமனார் கையும் நல்ல கைதானே. வண்டி உதறியதைத் தன் கை என்று நம்பி ஏமாந்துவிட்டார், பாவம். முதலாளிக்கு இது தெரிந்தால் பழைய ஆளையே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்.

இது எப்போது தேய்ந்திருக்கும் என்று கேட்டான். போன வாரம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

நூர் முகமது கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? மார்கழியிலயே உங்க மாமனாரை இதே மாதிரி பிரேக்கைப் புடிக்கச் சொல்லி, ஆட்டிக் காட்டினேன். இப்ப மாத்த வேண்டாம் பாய், ஊட்டுல மாப்பிள்ளை நொம்ப ஒடஞ்சு போயிருக்கார், இந்த உதறலு என் கையாவே இருந்துட்டுப் போவட்டும்னாருங்க."

பிரேக்கிலிருந்து காலை எடுக்கலாம் என்று நூர் முகமது இரண்டு தடவை சொல்லியும் பொன்னுவேலுக்குக் கேட்கவில்லை.

இன்று காலையில் அவன் கிளம்பியபோது மனைவி தனலட்சுமி தன் அப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். தை மாதத்திலிருந்து மூன்று வேளையும் அவள்தான் ஊட்டுகிறாள். நேரமாகிறது, உன் அப்பனுக்கு ஊட்டினது போதும் என்று அவன் எரிந்து விழுந்தான்.

வெங்கடாசலம் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அடுத்த விள்ளலை வாங்கிக்கொண்டார்.