பன்னிரண்டாவது கோட்

அப்புக்காத்து வரவேண்டிய நேரம் போய் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. மேடையில் சங்கத்து பேண்ட்காரர்கள் பன்னிரண்டு பேரும் சிவப்புக் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் சண்முகநாதன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வரப்போகிறவர் அரசாங்க சபைத் தேர்தலுக்கு நிற்கிற கொழும்பு வக்கீல். அவருக்குப் போன அழைப்பின் கடைசி வரி: ‘கிளாரினெட் வாசிப்பது எனது சொந்த மருமகன்.’

அந்த மருமகன் மயில்வாகனம் ஊதினால் கண்டிக் குளத்து வாத்துகள் இடம் மாறும் என்பதைத் தலைவர் எழுதவில்லை.

அதனால்தான் போன மாதம் வேறு ஆள் தேடினார்கள். கட்டுகஸ்தோட்டைக் கலியாண வீடுகளில் கிளாரினெட் ஊதுகிற கறுப்பையா வந்தான். ஊதினான். தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். கண்ணைத் திறந்ததும், அப்பன் யார் என்று கேட்டார்.

“பன்வில தோட்டத்துல தப்படிக்கிற வீரய்யாங்க.”

தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கோட் உனக்குச் சரிவராது.”

முடிவில் ஓர் ஏற்பாடு. மயில்வாகனம் கோட்டோடு முன்னே நின்று கன்னத்தை உப்ப வேண்டியது. கறுப்பையா திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டியது.

“ஒரே ஒரு தடவ முன்னால நிக்கிறேங்க” என்று கறுப்பையா கெஞ்சிப் பார்த்தான். அதற்கும் கோட்தான் பதில்.

மேடையில் மயில்வாகனத்துக்குக் கால் நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் பெரிய ட்ரம்மோடு முனாப். பன்னிரண்டு கோட்டையும் தைத்தவர் அவர்தான்.

“அளவு பாக்காமலே கறுப்பையாவுக்குக் கோட் பத்தாதுங்கிறார் ஒங்க மாமா. ரெண்டு பேருக்கும் ஒரே தோள், தம்பி.”

மயில்வாகனம் திரையைப் பார்த்தான். “தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று திரைக்குப் பின்னால் போனான்.

வெளியே மோட்டார் ஹார்ன். தலைவர் மாலையோடு ஓடினார்.

பேண்ட் முழங்கியது. எல்லா வாத்தியத்துக்கும் மேலே கிளாரினெட் ஏறி நின்றது. அப்புக்காத்து பாதி வழியில் நடையை நிறுத்திவிட்டார். தலைவர் நெஞ்சை நிமிர்த்தி மேடையைப் பார்த்தார்.

முன் வரிசையில் கறுப்பையா.

கோட் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. திரை இடுக்கில் பனியனோடு மயில்வாகனம், ஒரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

முனாப் ட்ரம்மில் கணக்கில் இல்லாத ஓர் அடி அடித்தார்.

“உங்கட மருமகன் எண்டு எழுதின பெடியன் இவர்தானோ?” என்றார் அப்புக்காத்து, சபைக்கே கேட்கும்படி.

தலைவர் வாயைத் திறந்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை.

“ஓம்,” என்றார் கடைசியில். “என்ர அக்காவின்ர மகன்.”