புதுசுக்கு ஓர் உறை

"நீ சரியாவே செருகல, நஜ்வா!" "செருகிட்டேன்னு சொல்றேன்ல! உங்க கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணு தெரியல." கெய்ரோ வீட்டு மாடியில், திறந்து கிடக்கும் கணினிக்குள் ரிஃபாத் கைபேசி வெளிச்சத்தை அடிக்கிறார். மகள் ஷைமாவின் கல்யாணப் படம் இருக்கும் பழைய வன்தட்டு சாகக் கிடக்கிறது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் விழிக்கத் தயங்குகிறது. படத்தை மாற்றிவைக்க வாங்கிய புது எஸ்எஸ்டி சேமிப்பு அட்டையோ திரையில் வரவே இல்லை. மறுபடியும் அணைத்து, அதை உருவுகிறார். அதன் பொன்னிற இணைப்புப் பற்களின் மேல் ஏதோ மினுங்குகிறது. நகத்தால் கீறுகிறார். மனைவி சோபாவுக்கும் ரிமோட்டுக்கும் போட்டதைப் போலவே, மெல்லிய பிளாஸ்டிக் தாள். "அடிப்பாவி, இதுக்குமா உறை போட்டே?" "புதுசாச்சே, தூசி படாதா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை உரித்து, எஸ்எஸ்டியைச் செருகி, பொத்தானில் விரல் வைக்கிறார். நஜ்வாவின் கை அந்த விரலைப் பிடித்துக்கொள்கிறது. "பழசு இந்தத் தடவையும் எழுந்திருக்குமாங்க?"